ஜாடி மூடியின் மேல் ஒரு கைக்கடிகாரம்

முப்பத்தோராண்டு முறை தவறா முயற்சியால் மூத்தவரே! கையுறைக்குள் வியர்த்த கைகளால் கண்டறியாதவர் நலம் காத்தவரே! துகளையும் தூசென்று தள்ளாத தூயவரே! நுண்மணிக்குள் மருந்தை நுழைத்து, நாளுக்கு இவ்வளவென நயமாய்ச் சுரக்கவைத்த நல்லவரே! எங்கள் தயாரிப்புப் பிரிவின் தலைவியே! தாமதமாக வந்தவரைப் பார்வையாலேயே தண்டித்த தமக்கையே! எங்கள் வாட்ச் அக்காவே! வணக்கம்.

இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், வழக்கம்போல் ஒரு பக்கம் மட்டும் குளிரும் ஏசிக்குக் கீழே தாங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். தங்களைத் தங்கள் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டாவது வரியில் "போதும், போதும், வேலையைப் பாருங்க" என்று எழுந்துவிடுவீர்கள். ஆகவே ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். இனிச் சொல்லப்போவது தங்களைப் பற்றியது அல்ல. யாரோ ஓர் அக்காவைப் பற்றியது. அவர் கதையைக் கேட்பதில் தங்களுக்கு மறுப்பிருக்க முடியாது. நாற்காலியில் அமர்ந்தபடியே கேட்டருள்க.

வந்திருக்கும் உறவினர்களுக்காக எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பாலிமர் என்றதும் பிளாஸ்டிக் வாளிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாங்கள் கையாளும் பாலிமர் வேறு. உடம்புக்குள் போனதும் ஈரம் பட்டு, நீளச் சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டு, கடைசியில் இருந்த இடம் தெரியாமல் கரைந்து போகும். அதற்குள் மருந்தைப் பொதித்து, கண்ணுக்கு அகப்படாத மணிகளாக்கி ஊசியில் போட்டால், மணி கரையக் கரைய மருந்து வெளியே வரும். தினம் மாத்திரை விழுங்கவேண்டியவருக்கு மாதம் ஓர் ஊசி போதும். ஈரம்தான் அதை வேலை செய்ய வைக்கிறது, ஈரம்தான் அதைக் கெடுக்கவும் செய்கிறது. உடம்புக்குள் படவேண்டிய ஈரம் ஜாடிக்குள்ளேயே பட்டுவிட்டால், இருபத்தெட்டு நாளுக்கான மருந்து பாதி நாளில் கொட்டித் தீர்ந்துவிடும். முதல் வாரம் அளவுக்கு மிஞ்சிய மருந்து, மூன்றாம் வாரம் மருந்தே இல்லை.

அதனால்தான் பாலிமர் ஜாடி ஃப்ரீசரில் குடியிருக்கிறது. வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்க்கிறதே, அதே வியர்வை பொடியின் மேலும் படியும். ஆகவே அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஜாடியை மேசையில் வைப்பார். இடது கையிலிருந்து வாட்சைக் கழற்றி மூடியின் மேல் வைப்பார். "ஜாடி தூங்கி எழட்டும்" என்பார். இரண்டு மணி நேரம் அந்த வாட்ச் அங்கேயே இருக்கும். அதைத் தொட இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. அந்த நேரம் பார்த்து, வெறுங்கையோடு நிற்கும் அவரிடம் "அக்கா, மணி என்ன?" என்று கேட்டுக் கடுப்பேற்றுவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. மேசைக்கு மேலே சுவரில், பச்சை மையில், அவருடைய குண்டு குண்டான எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் கழித்தே திறக்கவும்." புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதலில் படித்தது அதைத்தான்.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால் மணி. பரிசோதனைப் பிரிவில் இருக்கும், எதையும் கோடு போட்டே பேசுவதால் வரைகோடு என்று பெயர் வாங்கியவர், தயாரிப்பு அறையின் கதவைத் திறந்தார். வழக்கமாக உள்ளே வரும்போதே ஏதாவது கிண்டல் வரும். அன்று வரவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

அவர் திரையில் ஒரு கோடு இருந்தது. உடல் சூட்டில் நீர்த்தொட்டிக்குள் மிதந்துகொண்டிருந்த மணிகளிலிருந்து எந்த நாள் எவ்வளவு மருந்து வெளியே வந்தது என்பதைக் காட்டும் கோடு. வாரம் ஒருமுறை மொத்தமாக அளப்பது வழக்கம். அதிக சூட்டில் ஒரே நாளில் முடிக்கும் விரைவுச் சோதனையில் அந்த மணிகள் எப்போதோ தேறிவிட்டிருந்தன; அந்தச் சூட்டில் எல்லா மணியும் வேகமாகக் கரைவதால் வித்தியாசம் தெரியாது. இந்த மெதுவான சோதனை வெறும் பதிவுக்காக நடப்பது. யாரும் அதை அவசரமாகப் பார்ப்பதில்லை.

"ஏழாம் நாள் அக்கா. நூத்துக்கு இருபத்தஞ்சு வரணும். நாப்பத்தஞ்சு வருது."

"மறுபடி பார்த்தியா தம்பி?"

"மூணு தடவை பார்த்துட்டேன். கருவி சரியாத்தான் இருக்கு."

 அந்த மணிகள் முந்தின நாளே மருத்துவமனைக்குப் போய்விட்டன. மனநோய்க்குத் தினம் மாத்திரை விழுங்கி அலுத்துப்போனவர்கள், சோதனைக்குத் தாமாக முன்வந்தவர்கள் பன்னிரண்டு பேர். முதலாமவருக்கு அன்று காலை பத்து மணிக்கு ஊசி. மாத்திரை என்றால் மறுநாள் நிறுத்திவிடலாம். சதைக்குள் போன மணிகளைத் திரும்பப் பொறுக்கி எடுக்க எந்த டாக்டராலும் முடியாது. கொட்டுகிற மருந்து கொட்டித்தான் தீரும். தூக்கம் அழுத்தும், ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு தளரும்.

அவர் பதிவேட்டை எடுத்தார். தயாரிப்புப் பக்கம் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. "பெரிய ஜாடி, ஒரு கிலோ. வெளியே எடுத்தது 8.10. திறந்தது 10.10."

பெரிய ஜாடி என்ற சொல்லில் அவர் கண் நின்றுவிட்டது. அதுவரை வந்ததெல்லாம் நூறு கிராம் ஜாடிகள். அந்தக் குட்டி ஜாடிகளுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். இது பத்து மடங்கு. கண்ணாடி வெதுவெதுப்பாகிவிட்டிருக்கும், நடுவயிறு சில்லென்றுதான் இருந்திருக்கும். இப்போது நினைவு வந்தது. அன்று பொடி கரண்டியில் லேசாக ஒட்டியது. கை தயங்கியது. கண் வாட்சைப் பார்த்தது. இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அது போதாதா என்று கை மறுபடி வேலையைத் தொடர்ந்தது. சோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஜாடியை மூடி, பத்து நாள் கழித்துத்தான் மிச்சத்தை மணிகளாக்கினார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் அந்தப் பத்து நாளும் சத்தம் போடாமல் சங்கிலிகளை அறுத்துக்கொண்டிருந்தது.

வேறு யாராவது அவசரப்பட்டுத் திறந்திருந்தால் அவருக்குக் கோபமாவது வந்திருக்கும். இது அவரே எழுதி, அவரே ஒட்டி, எல்லோரையும் மிரட்டிக் காப்பாற்ற வைத்த விதி. அதை அணுவளவும் மீறாமல் அவரே செய்த தவறு.

மருத்துவமனையில் ஊசி போடவேண்டிய டாக்டரின் கைபேசிக்குப் போட்டார். அணைத்திருந்தது. வார்டுக்குள் போனால் டாக்டர் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். வரவேற்பில் எடுத்த பெண், "சொல்லிடறேன் மேடம்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டாலே சொல்லமாட்டாள் என்று தெரிந்தது.

இயக்குநர் அறையில் அப்போது நாங்கள் ஆறேழு பேர் இருந்தோம். காலைக் கூட்டம். அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது அதுவே முதல் தடவை. நின்றபடியே சொன்னார். இயக்குநர் கெட்டவர் அல்ல. ஆனால் காகிதத்தை நம்புகிறவர்.

"விரைவுச் சோதனை பாஸ் ஆயிருக்கு. காகிதமெல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு கோட்டை வச்சு எப்படி நிறுத்தறது? மத்தியானம் வரைக்கும் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்."

"மத்தியானம் ஊசி உள்ள இருக்கும் சார்."

"நிறுத்தினா காரணம் எழுதணும். என்னன்னு எழுத?"

"என் பேரை எழுதுங்க. ஜாடியை நான்தான் சீக்கிரம் திறந்தேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுப் பேசுங்க. விசாரணைன்னு வந்தா முப்பது வருஷத்தையும் தோண்டுவாங்க. ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு உங்களுக்கு."

 அக்கா எங்களைப் பார்த்தார். இதைத்தான் பதினான்கு மாதமாகச் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், நாங்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தோம். அந்தப் பதிவேட்டைப் படித்து, பெரிய ஜாடி என்ற சொல்லையும் படித்து, கீழே ஒப்பம் போட்டவர்கள் எங்களிலும் இருந்தார்கள். ஒருவர் பேனா மூடியைத் திருகினார். ஒருவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான் அன்று எங்களால் முடிந்த உதவி.

அக்கா மேசையில் கிடந்த படிவத்தை இழுத்தார். தயாரித்தவரின் கையெழுத்து இல்லாமல் எந்த மருந்தும் ஊசிக்குள் போகக்கூடாது என்பது விதி. அவர் தன் ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே, உடன்படுபவர் என்று ஓர் இடம் இருந்தது. பேனாவை அங்கேயே வைத்துவிட்டு ஒரு கணம் காத்திருந்தார். அந்தப் பேனாவை யாரும் எடுக்கவில்லை. அவர் தாளை மடித்துக்கொண்டு கிளம்பினார். அப்போது மணி ஒன்பது பத்து.

வண்டி ஓட்டுநர் பிறகு எங்களிடம் சொன்னது: அக்கா முன் இருக்கையில், மடித்த தாளைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து வந்தார். இரண்டாவது சிக்னலில் முன்னால் ஒரு லாரி நின்றுபோய் ரோடே அடைத்துக்கொண்டது. மணி ஒன்பது ஐம்பது.

"இங்கேர்ந்து எவ்வளவு தூரம் தம்பி?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும். இதோ கிளியர் ஆயிடும் மேடம்."

அதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். முழங்கால் வலிக்குத் தினம் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர் அவர். மாடிக்கு லிஃப்ட் வரும்வரை வேலையைத் தள்ளிப்போடுகிறவர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடினார் என்று ஓட்டுநர் சொன்னபோது, சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வார்டில், ஜன்னலோர நாற்காலியில் ஒரு தையல்காரர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நர்ஸ் பொடியைத் திரவத்தில் கலந்து குப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். கலந்துவிட்டால் மணிகள் அடியில் தங்குவதற்குள் போட்டாக வேண்டும். டாக்டர் பஞ்சால் அவர் கையைத் துடைத்துவிட்டார்.

"போடாதீங்க!"

வாசலில் நின்றது யாரென்று டாக்டருக்கே அடையாளம் தெரியவில்லை. மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் வியர்வை, ஒரு செருப்பின் வார் அறுந்து தொங்குகிறது. அக்கா மடித்த தாளை நீட்டினார். டாக்டர் படித்தார். நர்ஸின் கையிலிருந்த குப்பியை வாங்கி மேசையில் வைத்தார்.

தையல்காரர் எழுந்தார். "என்ன விளையாட்டு இது? நாலு மாசமா காத்துட்டு இருக்கேன். இன்னைக்கு வா, நாளைக்கு வா, ரத்தம் குடு, கையெழுத்துப் போடுன்னீங்க. இப்ப இல்லைங்கறீங்க. எனக்கு வந்த நோயால எனக்குக் கேட்கவும் உரிமை இல்லையா?"

அவர் மனைவி அவர் முழங்கையைப் பிடித்தார். "தினமும் காலையில எழுந்ததும் நான் இவர்கிட்ட கேட்கற முதல் கேள்வி மாத்திரை போட்டாச்சாங்கறதுதான். வேற பேச்சே மறந்துபோச்சு எங்களுக்கு. இன்னியோட முடியும்னு நினைச்சேன்மா."

கருவிக் கோளாறு, நிர்வாகக் காரணம், தவிர்க்க முடியாத தாமதம் என்று எத்தனையோ சொற்கள் எங்கள் தொழிலில் இருக்கின்றன. அக்கா அவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"மருந்து கெட்டுப்போச்சுங்க. கெடுத்தது நான். ஜாடியை இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கணும், விடலை. இதைப் போட்டிருந்தா உங்களுக்கு ஆபத்தாயிருக்கும். மன்னிச்சுக்குங்க."

தையல்காரர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டார். பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருப்பார் போலும். அதிலிருந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி, மனைவி நீட்டிய தண்ணீரோடு, அக்காவின் கண்ணைப் பார்த்தபடியே விழுங்கினார். "வாடி போகலாம்" என்று நடந்துவிட்டார்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு வீடு திரும்பியவர், சமையலறை மேசையில் வாட்சைக் கழற்றி வைத்தார் என்று அவர் கணவர் எங்களிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். இதோ முன்வரிசையில் அவரும் இருக்கிறார், முறைக்கவேண்டாம் அக்கா. "அந்த மனுஷர் மாத்திரையை முழுங்கினதைப் பார்த்ததிலேர்ந்து எனக்குத் தண்ணிகூட இறங்கலை" என்று மட்டும் சொல்லிவிட்டு, பருப்புக்கு அடுப்பு மூட்டக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாராம். கணவர் பேசாமல் எழுந்து சமைத்தார். அன்று அவர் சமையல் எப்படி இருந்தது என்பதை அவரே சொல்ல மறுக்கிறார்.

நீர்த்தொட்டியின் கோடு அடுத்த வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதினான்காம் நாளில் நூற்றுக்கு எண்பது கொட்டியாயிற்று. அதற்கு முன்பே அக்கா இன்னொரு பெரிய ஜாடியின் நடுவில் வெப்பமானியைச் சொருகி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் வெளிக்கண்ணாடி இருபத்து நான்கு டிகிரி, உள்ளே பொடி ஒன்பது டிகிரி. உள்ளும் புறமும் ஒன்றாக ஏழு மணி நேரம் ஆனது. விசாரணை நடந்தது. முப்பது வருடத்தையும் தோண்டினார்கள். தோண்டியதில் கிடைத்ததெல்லாம் பச்சை மையில் எழுதிய, தேதி தவறாத பக்கங்கள்தாம். ஆனாலும் அவருடைய பணிப்பதிவில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. கடைசி வரை அது போகாது.

சுவரில் இருந்த தாளை அவர் கிழிக்கவில்லை. பழைய வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார், அடியில் என்ன இருந்தது என்று எல்லோரும் படிக்கும்படி. கீழே எழுதினார்: "இது என் தவறு. உள்ளே வெப்பம் பார்த்தபின் திறக்கவும்." வாட்ச் அதன் பிறகு மூடியின் மேல் ஏறவில்லை. நாங்களும் மணி என்ன என்று கேட்பதை நிறுத்திவிட்டோம்.

ஐந்து மாதம் கழித்துப் புதிய மணிகள் போயின. முதல் ஊசி அதே தையல்காரருக்கு. இருபத்தெட்டாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, வரைகோடு தன் திரையை அக்காவின் பக்கம் திருப்பினார். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, மேடு பள்ளமில்லாமல் படுத்துக் கிடந்தது கோடு. அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். "சரி" என்றார். கேன்டீனுக்குப் போய்விட்டார். அங்கே இரண்டு டீ குடித்தார் என்பது கேன்டீன்காரரின் வாக்குமூலம்.

இத்துடன் அந்த யாரோ ஓர் அக்காவின் கதை முடிகிறது. இனித் தங்களிடமே பேசுகிறோம்.

அறிவாலும் அன்பாலும் எங்களை ஆண்டவரே! இந்த மடலுக்கு நாங்கள் போட்டிருக்கும் கண்ணாடிச் சட்டத்துக்குள், மடலுக்குப் பின்னால் இருக்கும் நீலத்துணி ஒரு தையல் கடையிலிருந்து வந்தது. அளவு சொல்லப் போன எங்களிடம் அவர் காசு வாங்க மறுத்துவிட்டு, ஒரு செய்தி சொல்லியனுப்பினார். "போன வாரம் ஒன்பதாவது ஊசி. மாத்திரை டப்பாவில இப்ப சட்டைப் பட்டன் போட்டு வச்சிருக்கேன்னு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. காலையில என் பொண்டாட்டி இப்பல்லாம் காப்பியைப் பத்தித்தான் சண்டை போடறா."

பொறுமையே பூணாய்ப் பூண்டவரே! தங்கள் இனிவரும் நாள்களில் இன்பம் ஒரே வாரத்தில் கொட்டித் தீராமல், நாளுக்கு இவ்வளவென்று நிறைவாய்ச் சுரக்கட்டும். முழங்கால் வலி இருந்த இடம் தெரியாமல் கரைந்து போகட்டும். காலை எட்டு மணிக்கு எந்த ஜாடியும் தங்களுக்காகக் காத்திராத வீட்டில், கணவரும் மகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, நலமும் நீள்வாழ்வும் பெற்று நெடிது வாழ்க!

ஒரு விண்ணப்பம். புறப்படுமுன் அந்தச் சுவர்த் தாளைக் கிழித்துவிடும்படி தாங்கள் நேற்றுச் சொன்னீர்கள். அக்கா, முப்பத்தோராண்டில் முதன்முறையாகத் தங்கள் சொல்லைக் கேட்க மறுக்கிறோம். இந்த மடலைச் சட்டமிட்டுத் தங்களுக்குத் தருகிறோம். அந்தத் தாளைச் சட்டமிட்டு, அதே மேசைக்கு மேலே, இன்று காலை நாங்கள் மாட்டிவிட்டோம். வெளியே போகும்போது ஒருமுறை பாருங்கள். "இது என் தவறு" என்று தாங்கள் எழுதிய வரிக்குக் கீழே நிறைய வெற்றிடம் இருந்தது. அதில் நாங்கள் பதினேழு பேரும், இயக்குநர் முதலாக, பச்சை மையில் கையெழுத்திட்டிருக்கிறோம்.

தாமதமாக அந்தப் பேனாவை எடுத்த,
தங்கள் தம்பி தங்கையர் பதினேழு பேர்,
மருந்து மணி ஆய்வுக்கூடம்.